மின்கம்பிக்குக் கீழே மரம்: ஏன் வெட்டுகிறார்கள்? எவ்வளவு வெட்ட வேண்டும்? நீங்கள் செய்யவே கூடாதது என்ன?

"நாளை காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்சாரம் இருக்காது." இந்த அறிவிப்பு வராத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காரணம் சொல்வார்கள். அந்தப் பராமரிப்பில் முக்கியமான வேலைகளில் ஒன்று, கம்பியை உரசும் மரக்கிளைகளை அகற்றுவது.

அன்றைக்குத் தெருவில் ஒரு வாக்குவாதமும் நடக்கும். "இருபது வருஷமா வளர்த்த மரம், இப்படி மொட்டையடிச்சிட்டீங்களே" என்று வீட்டுக்காரர் கேட்பார். "காத்து அடிச்சா கம்பி அறுந்துடும், அப்புறம் எங்களைத்தான் திட்டுவீங்க" என்று மின் ஊழியர் சொல்வார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு கிளை கம்பியில் பட்டால் என்ன ஆகும்? எவ்வளவு இடைவெளி வேண்டும்? வெட்ட யாருக்கு அதிகாரம்? மரத்தையும் காப்பாற்றி மின்சாரத்தையும் காப்பாற்ற வழி உண்டா? விரிவாகப் பார்க்கலாம்.

கிளை பட்டால் என்ன ஆகும்?

வீட்டுக்குள் இருக்கும் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கும். தெருவில் கம்பத்துக்குக் கம்பம் போகும் பெரும்பாலான கம்பிகளுக்கு அந்த உறை கிடையாது. அது வெறும் அலுமினியக் கம்பி. அதைச் சுற்றி இருக்கும் காற்றுதான் அதற்கு உறை. காற்று இருக்க வேண்டிய இடத்தில் கிளை வந்து நின்றால், உறை கிழிந்த மாதிரிதான்.

பச்சை மரத்தில் நீரும் உப்புகளும் ஓடிக்கொண்டே இருக்கும். மழையில் நனைந்துவிட்டால் இன்னும் மோசம். கம்பியில் இருந்து கிளை, கிளையில் இருந்து தண்டு, தண்டில் இருந்து தரை என்று மின்சாரம் இறங்க ஒரு வழி கிடைத்துவிடுகிறது.

எந்தக் கம்பி என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பி (எல்.டி. லைன்): காற்றில் கிளை ஆடும்போது இரண்டு கம்பிகள் ஒன்றோடு ஒன்று மோதித் தீப்பொறி பறக்கும். லைட் மங்கிப் பளிச்சிடும். கிளை முறிந்து விழுந்து நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்துவிட்டால் ஆபத்து வேறு மாதிரி. 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட வரலாம். டி.வி., ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் கருகிப்போவது இப்படித்தான்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் 11 கிலோவோல்ட், 22 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பி (எச்.டி. லைன்): கிளை பட்டதும் துணை மின் நிலையத்தில் பிரேக்கர் விழும். அந்த ஃபீடரில் இருக்கும் தெருக்கள் எல்லாம் இருட்டு. அந்த நேரத்தில் மரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

பெரிய இரும்புக் கோபுரங்களில் போகும் 110, 230, 400 கிலோவோல்ட் பாதைகள்: இங்கே கிளை கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. நெருங்கினாலே போதும். காற்றைத் தாண்டி மின்சாரம் மரத்துக்குப் பாயும்.

கம்பி தாழ்வது ஏன்?

"போன மாசம் பார்த்தப்போ மரத்துக்கும் கம்பிக்கும் நல்ல இடைவெளி இருந்துச்சே" என்று தோன்றலாம். கம்பி ஒரே உயரத்தில் இருப்பதில்லை என்பதுதான் விஷயம்.

உலோகம் சூடானால் நீளும். உச்சிவெயில், அதோடு ஊரெல்லாம் ஏ.சி. ஓடுவதால் கம்பியில் பாயும் அதிக மின்சாரம், இரண்டும் சேர்ந்து கம்பியைச் சூடாக்கும். பெரிய கோபுரங்களுக்கு இடையே 300, 400 மீட்டர் தூரம் இருக்கும். அவ்வளவு நீளக் கம்பி சூட்டில் சில அங்குலம் நீண்டாலே, நடுவில் ஒரு மீட்டருக்கு மேல்கூடத் தாழ்ந்துவிடும். காலை 6 மணிக்குப் பாதுகாப்பாகத் தெரியும் மரம், மதியம் 3 மணிக்கு ஆபத்தாக நிற்பது இதனால்தான்.

பக்கவாட்டில் காற்று வேறு. பலமான காற்றில் கம்பி ஊஞ்சல் மாதிரி ஆடும். அதனால் நேர் கீழே இருக்கும் மரத்தை மட்டும் பார்த்தால் போதாது, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இதற்கிடையே மரமும் சும்மா இருப்பதில்லை, ஒவ்வொரு மழைக்கும் உயருகிறது. கம்பி கீழே வருகிறது, மரம் மேலே போகிறது. இரண்டும் சந்திக்கும் நாள் பெரும்பாலும் மின்தேவை உச்சத்தில் இருக்கும் நாளாகவே இருக்கும்.

ஓர் ஊரின் மரத்தால் 5 கோடி பேருக்கு இருட்டு!

சும்மா ஒரு மரம்தானே என்று விட்டால் எதுவரை போகும்? உலகம் முழுக்க மின் பொறியாளர்கள் சொல்லும் உதாரணம் அமெரிக்காவில் நடந்தது.

2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. ஒஹையோ மாநிலத்தில் வெயில் அதிகம், ஏ.சி. பயன்பாடும் அதிகம். பிற்பகல் 3.05 மணிக்கு சேம்பர்லின் - ஹார்டிங் என்ற 345 கிலோவோல்ட் பாதை மரத்தில் பட்டுத் துண்டித்துக்கொண்டது. அதில் ஓடிய மின்சாரம் பக்கத்துப் பாதைகளுக்குத் தாவியது. அவை கூடுதலாகச் சூடாகித் தாழ்ந்தன. 3.32 மணிக்கு ஹன்னா - ஜூனிப்பர் பாதை மரத்தில் பட்டது. 3.41 மணிக்கு ஸ்டார் - சவுத் கேன்டன் பாதையும் மரத்தில் பட்டது.

இந்த மூன்று பாதைகளும் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சுமை ஏறியதால் விழவில்லை. முதல் பாதை அதன் திறனில் பாதியைக்கூடத் தொடவில்லை. பாதைக்குள் மரங்கள் அளவுக்கு மீறி வளர்ந்திருந்ததுதான் காரணம் என்று அமெரிக்க - கனடா கூட்டு விசாரணைக் குழு கண்டறிந்தது. அன்று கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை ஒலிக்க வேண்டிய மென்பொருளும் செயலிழந்திருந்தது. அதனால் என்ன நடக்கிறது என்பதே ஊழியர்களுக்குத் தெரியாமல் போனது.

மாலை 4.05 மணிக்கு மேல் அடுத்தடுத்து பாதைகள் சரிந்தன. அடுத்த சில நிமிடங்களில் அமெரிக்காவின் 8 மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடி பேருக்கு மின்சாரம் இல்லை. நியூயார்க்கில் சுரங்க ரயில்கள் பாதி வழியில் நின்றன. ஈழத் தமிழர்கள் அதிகம் வாழும் டொரண்டோவும் இருளில் மூழ்கியது.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அதிகாலை, சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியில் ஓர் உயரழுத்தப் பாதை மரத்தில் பட்டது. 24 நிமிடம் கழித்து இன்னொரு பாதையும் மரத்தில் பட்டது. அந்தப் பாதைகள் வழியாக மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்த இத்தாலி, சார்டினியா தீவு தவிர, கிட்டத்தட்ட முழுவதும் இருண்டது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 5.6 கோடி பேர்.

இதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் பெரிய மின்பாதைகளின் மரப் பராமரிப்புக்குக் கட்டாய விதிமுறை வந்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதை முழுவதையும் ஆய்வு செய்ய வேண்டும், குறைந்தபட்ச இடைவெளிக்குள் மரம் வந்துவிட்டால் அபராதம் என்று ஆனது.

மின்வெட்டோடு முடியாது, காட்டுத்தீயும் உண்டு

காய்ந்த காட்டில் கிளையும் கம்பியும் உரசினால் தீப்பொறி போதும். 2021 ஜூலையில் கலிஃபோர்னியாவில் பற்றிய டிக்ஸி காட்டுத்தீக்குக் காரணம், மின்கம்பியில் ஒரு மரம் பட்டதுதான் என்று அம்மாநிலத் தீயணைப்புத் துறை அறிவித்தது. அந்தத் தீ 9.6 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. சென்னை மாநகராட்சியைப் போல் ஒன்பது மடங்கு பரப்பு! கிரீன்வில் என்ற ஊரே கிட்டத்தட்ட அழிந்துபோனது.

நம்மூரில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: பெரிய பாதைகளுக்கு நேர் கீழே கரும்புச் சோகை, வைக்கோல், காய்ந்த புல் ஆகியவற்றைக் கொளுத்தக் கூடாது. தீயின் சூடும் புகையும் காற்றின் மின்தடுப்புத் தன்மையைக் குறைத்துவிடும். மரமே இல்லாவிட்டாலும் கம்பியில் இருந்து தரைக்கு மின்சாரம் பாய வாய்ப்புண்டு.

இந்தியாவில் எவ்வளவு இடைவெளி வேண்டும்?

மின்பாதைக்குக் கீழேயும் இருபுறமும் விட வேண்டிய நிலப்பட்டைக்கு 'ரைட் ஆஃப் வே' என்று பெயர். தமிழில் வழித்தடம் என்று வைத்துக்கொள்ளலாம். வனப்பகுதி வழியாகப் போகும் பாதைகளுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள அளவுகள் இவை:

• 11 கிலோவோல்ட்: வழித்தட அகலம் 7 மீட்டர், மரத்துக்கும் கம்பிக்கும் குறைந்தபட்ச இடைவெளி 2.6 மீட்டர்
• 33 கிலோவோல்ட்: அகலம் 15 மீட்டர், இடைவெளி 2.8 மீட்டர்
• 110 கிலோவோல்ட்: அகலம் 22 மீட்டர், இடைவெளி 3.7 மீட்டர்
• 220 கிலோவோல்ட்: அகலம் 35 மீட்டர், இடைவெளி 4.6 மீட்டர்
• 400 கிலோவோல்ட்: அகலம் 46 மீட்டர், இடைவெளி 5.5 மீட்டர்

அழுத்தம் கூடக்கூட இடைவெளியும் கூடுகிறது. இந்த இடைவெளியை, கம்பி அதிகபட்சமாகத் தாழ்ந்து, அதிகபட்சமாக ஆடும் நிலையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். காலையில் அண்ணாந்து பார்த்து "போதும்" என்று முடிவு செய்யக் கூடாது.

அப்படியானால் வழித்தடத்தில் மரமே இருக்கக் கூடாதா?

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 46 மீட்டர் அகலம் என்றால் 46 மீட்டரையும் மொட்டையாக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

அதே வழிகாட்டுதல் சொல்வது இதுதான்: ஒவ்வொரு கம்பிக்கும் கீழே, கம்பியை இழுத்துக் கட்டும் வேலைக்காக 3 மீட்டர் அகலப் பட்டையில் மரங்களை அகற்றலாம். வேலை முடிந்ததும் அங்கே செடிகொடிகள் தானாக வளர விட வேண்டும். பராமரிப்புக்குப் போய்வர ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் திறந்தே இருக்கும். மீதமுள்ள அகலத்தில், குறைந்தபட்ச இடைவெளிக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே மரத்தை வெட்டவோ கிளைகளைக் கழிக்கவோ வேண்டும். மலைப்பகுதியில் கம்பி பள்ளத்தாக்குக்கு மேல் மிக உயரத்தில் போனால், கீழே இருக்கும் மரங்களைத் தொட வேண்டிய தேவையே இருக்காது.

எல்லாவற்றையும் அடியோடு வெட்டுவது மின்துறைக்கும் லாபம் இல்லை. வெயில் நேராகத் தரையில் விழும் இடத்தில் முதலில் முளைப்பது வேகமாக வளரும் மரக்கன்றுகளும், உண்ணிச்செடி போன்ற ஆக்கிரமிப்புக் களைகளும்தான். இரண்டு மூன்று வருடத்தில் மறுபடியும் ஆள் அனுப்பி வெட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்று என்ன என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1953-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி காட்டியது. மின்பாதையில் களைக்கொல்லி தெளிப்பதால் மான்களின் வாழிடம் பாழாகிறது என்று வேட்டைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பிராம்பிள், வில்லியம் பர்ன்ஸ் இருவரும் ஒரு பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு முறையைக் கையாண்டு, பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள்.

உயரமாக வளரும் மரக்கன்றுகளை மட்டும் தேர்ந்தெடுத்து அகற்றிவிட்டு, புல்லையும் புதர்ச்செடிகளையும் அப்படியே விட்டால், அந்தப் புதர்களே நிழலாலும் நெருக்கத்தாலும் புது மரங்கள் வளரவிடாமல் தடுக்கின்றன என்று தெரிந்தது. செலவு குறைகிறது, பறவைகள், பட்டாம்பூச்சிகள், மான்களுக்கும் இடம் கிடைக்கிறது. இதிலிருந்து வந்ததுதான் இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் முறை: கம்பிக்கு நேர் கீழே புல், பூண்டு, குட்டைச்செடி. இரு ஓரங்களிலும் சற்று உயரமான புதரும் சிறுமரமும். அதற்கு அப்பால்தான் பெரிய மரம்.

மொட்டையடிப்பது தவறு, கழிப்பதற்கு முறை உண்டு

ஊருக்குள் இருக்கும் மரங்களுக்கு வருவோம். தெருவில் நாம் அதிகம் பார்ப்பது, உச்சியை ஒரே மட்டமாக வெட்டிவிடும் 'மொட்டையடி' முறை. வேலை சீக்கிரம் முடியும். பிரச்னை தீராது.

உச்சி போன மரம் பதறிப்போய், வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் புதுப் போத்துகளை விடும். அவை வேகமாக நேர் மேலே, அதாவது கம்பியை நோக்கியே வளரும். தண்டோடு அவற்றின் பிடிப்பு பலவீனம். அடுத்த காற்றில் ஒடிந்து அதே கம்பியில் விழும். பெரிய வெட்டுக்காயத்தில் தண்ணீர் இறங்கி, தண்டு உள்ளே உளுத்துப்போகும்.

சரியான முறை, கம்பியை நோக்கிப் போகும் கிளைகளை மட்டும் எடுத்து, வேறு பக்கம் வளரும் கிளைகளை விட்டுவைப்பது. பெரிய கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். முதலில் தண்டிலிருந்து சற்றுத் தள்ளி அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு. அதற்குக் கொஞ்சம் வெளியே மேல்பக்கத்தில் இரண்டாவது வெட்டு. கிளை விழுந்ததும், தண்டோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் 'கழுத்து'ப் பகுதியைக் காயப்படுத்தாமல் மூன்றாவது வெட்டு. இப்படிச் செய்தால் பட்டை உரியாது, காயம் சீக்கிரம் ஆறும்.

ஒரு விதிவிலக்கு: தென்னை, பனைக்கு ஒரே ஒரு குருத்துதான். அதை வெட்டினால் மரமே செத்துவிடும். அதனால் கம்பிக்கு நேர் கீழே தென்னை வைத்தால், என்றைக்காவது ஒருநாள் அதை முழுசாக இழக்க வேண்டிவரும்.

வழித்தடத்துக்கு வெளியே நிற்கும் மரம்?

கம்பிக்கு அடியில் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் உளுத்த மரம் புயலில் சாய்ந்தால் நேராகக் கம்பியில்தான் விழும். 2016 டிசம்பர் 12-ல் சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது நினைவிருக்கும். 2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் சரிந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சேதமடைந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அவ்வளவு பெரிய புயலில் கம்பங்களே தாங்காது என்பது உண்மைதான். ஆனால் மரம் விழுந்து அறுந்த ஒவ்வொரு இடமும், சீரமைக்கும் வேலையை இன்னும் தாமதப்படுத்தும்.

சாய்ந்து நிற்பது, அடித்தண்டில் பொந்து, காளான் முளைத்திருப்பது, பட்டுப்போன கொப்புகள், சாலை வேலைக்காக ஒரு பக்க வேர் வெட்டப்பட்டது. இவையெல்லாம் எச்சரிக்கை அறிகுறிகள். இப்படிப்பட்ட மரங்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அதாவது செப்டம்பருக்குள் கவனித்துவிடுவது நல்லது.

எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

பழைய முறை, பாதை நெடுக நடந்துபோய்ப் பார்ப்பது. இன்றும் அதுதான் அடிப்படை. பெரிய பாதைகளில் இப்போது ட்ரோனும் ஹெலிகாப்டரும் வந்துவிட்டன. 'லைடார்' என்ற கருவி லேசர் ஒளியைப் பாய்ச்சி, மரத்துக்கும் கம்பிக்கும் உள்ள தூரத்தைத் துல்லியமாக அளக்கும். எந்த மரம் எப்போது எல்லையைத் தொடும் என்று முன்கூட்டியே பட்டியல் போடலாம்.

கம்பியை மாற்றுவதும் ஒரு வழி. மரம் அடர்ந்த தெருக்களில் வெறும் கம்பிக்குப் பதிலாக உறையிட்ட கம்பிகளை முறுக்கிச் சேர்த்த 'ஏ.பி. கேபிள்' போடலாம். கிளை லேசாக உரசினாலும் உடனே மின்தடை வராது. ஆனால் உறை தேய்ந்துவிடும் என்பதால் கிளை கழிக்கும் வேலை அறவே இல்லாமல் போகாது. சென்னையின் பல பகுதிகளைப் போல் நிலத்தடிக் கேபிள் போட்டால் கிளைப் பிரச்னையே இல்லை. செலவு பல மடங்கு. பழுது எங்கே என்று கண்டுபிடித்துத் தோண்டவும் நேரம் ஆகும். தோண்டும்போது வேர் வெட்டுப்பட்டால் மரத்துக்கு அதுவும் ஆபத்துதான்.

வெட்ட யாருக்கு அதிகாரம்? இழப்பீடு உண்டா?

மின்சாரச் சட்டம் 2003-ன் 68-வது பிரிவு இதைச் சொல்கிறது. மேல்நிலை மின்பாதைக்கு இடையூறாக இருக்கும் அல்லது இடையூறாகக்கூடிய மரத்தை அகற்ற, மின் நிறுவனம் விண்ணப்பித்தால், நிர்வாக நடுவர் அல்லது அரசு குறிப்பிட்ட அதிகாரி உத்தரவிடலாம்.

அதே பிரிவில் நில உரிமையாளருக்கு முக்கியமான ஒரு வரியும் இருக்கிறது: மின்பாதை வருவதற்கு முன்பே அந்த மரம் அங்கே இருந்திருந்தால், நியாயமான இழப்பீடு உண்டு. பாதை வந்த பிறகு கம்பிக்கு அடியில் நட்ட மரத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் பாதை வருகிறது என்று தெரிந்தால், அளவீடு நடக்கும்போதே மரங்களை எண்ணி, போட்டோ எடுத்து, வருவாய்த் துறைப் பதிவில் சேர்ப்பது நல்லது.

பெரிய கோபுரப் பாதைகளில் விஷயம் இன்னும் பெரிது. 2018-ன் இறுதியில் கொங்கு மண்டல விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியது நினைவிருக்கலாம். தென்னை வைக்க முடியாது, நிலத்தின் மதிப்பு குறையும் என்பது அவர்கள் வாதம். 2024 ஜூனில் மத்திய மின் அமைச்சகம் புதிய இழப்பீட்டு வழிகாட்டுதலை வெளியிட்டது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவிகிதம், கம்பி செல்லும் வழித்தடத்துக்கு 30 சதவிகிதம் என்று அதில் உள்ளது. 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள பாதைகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

அரசு நிலத்தில், சாலையோரத்தில் நிற்கும் மரத்தை யாரும் தன்னிஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். கம்பியைக் காரணம் காட்டி முழு மரத்தையும் சாய்க்க முயன்றால், அனுமதி இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் செய்யவே கூடாதவை

மின்கம்பி அருகே உயிர் போகும் விபத்துகள் பெரும்பாலும் சாதாரண வேலையின்போதுதான் நடக்கின்றன. முருங்கைக்காய் பறிக்க, ஆட்டுக்குத் தழை ஒடிக்க, மாங்காய் உலுக்க.

• இரும்பு அல்லது அலுமினியத் தொரட்டி, ஏணி, குழாயைக் கம்பி இருக்கும் மரத்தின் அருகே தூக்கவே கூடாது. மூங்கில் தொரட்டியும் ஈரமாக இருந்தால் மின்சாரம் பாயும்.

• கம்பியைத் தொடும் கிளையை நீங்களே வெட்டாதீர்கள். தெரிந்த மரம் ஏறுபவரை அழைத்தும் வெட்டச் சொல்லாதீர்கள். அவர் குடும்பத்துக்கும் அவர் தேவை.

• "கரண்ட்தான் போயிடுச்சே, இப்போ வெட்டிடலாம்" என்று நினைப்பது மிகப் பெரிய தவறு. பிரேக்கர் எந்த நொடியும் மீண்டும் போடப்படலாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் இருந்துகூடக் கம்பிக்கு மின்சாரம் திரும்பி வரலாம். மின் ஊழியர்களே 'எல்.சி.' வாங்கி, அதாவது பாதையில் மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்து, எர்த் ராடு மாட்டிய பிறகுதான் தொட வேண்டும் என்பது விதி.

• கிளையோடு கம்பி அறுந்து கிடந்தால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஆடு, மாடு, குழந்தைகளையும் கிட்டே விடாதீர்கள். ஏற்கெனவே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் ஓடக் கூடாது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, சிறு சிறு அசைவாக நகர்ந்து வெளியேறுங்கள். அகலமாகக் கால் வைத்தால் இரண்டு பாதங்களுக்கு இடையே மின்சாரம் பாயும்.

• கார் மீது கம்பி விழுந்தால், தீப்பிடிக்காத வரை உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் புகார் சொல்ல மின்னகம் எண் 94987 94987. 24 மணி நேரமும் அழைக்கலாம். மின் இணைப்பு எண், கம்பத்தின் எண், தெருப் பெயர் மூன்றையும் சொன்னால் வேலை சுலபம். உங்கள் பகுதியின் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுதியும் கொடுக்கலாம். கம்பியில் படும் கிளையைப் பராமரிப்பு நாளுக்கு முன்பே சொல்லிவிட்டால், அதே மின்தடை நேரத்தில் அதையும் சேர்த்துக் கழித்துவிடுவார்கள். தனியாக ஒருநாள் கரண்ட் நிறுத்த வேண்டியதில்லை.

எதை, எங்கே நடலாம்?

எளிய கணக்கு ஒன்று போதும். நீங்கள் நடும் மரம் முழுசாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் வருமோ, கம்பியில் இருந்து அவ்வளவு தூரம் தள்ளி நடுங்கள். சாய்ந்தாலும் கம்பியில் விழாது.

கம்பி அருகே வேண்டாம்: தென்னை, ஆல், அரசு, தூங்குமூஞ்சி, தைல மரம், சவுக்கு, மூங்கில். சில வகை மூங்கில் குருத்து ஒரே நாளில் ஓர் அடிக்கு மேல் வளரும். வேம்பும் புங்கனும் அருமையான மரங்கள்தான். கம்பி இல்லாத பக்கத்தில் வையுங்கள். முருங்கை வேகமாக உயரும், கிளை சட்டென்று ஒடியும். காய் பறிக்கத் தொரட்டியும் தேவைப்படும். அதனால் கம்பிக்குக் கீழே கண்டிப்பாக வேண்டாம்.

கம்பி அருகே நடலாம்: செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, எலுமிச்சை, கறிவேப்பிலை, மல்லிகை போன்ற உயரம் கட்டுப்படுத்தக்கூடிய செடிகள். வயலில் பெரிய பாதை போனால் கடலை, உளுந்து, காய்கறி, நெல் போன்ற பயிர்களுக்குத் தடை இல்லை. உயரமான மரப்பயிருக்குத்தான் கட்டுப்பாடு.

பள்ளியிலோ குடியிருப்பிலோ மரம் நடும் விழா நடத்துகிறவர்கள், குழி தோண்டும் முன் ஒருமுறை மேலே அண்ணாந்து பாருங்கள். இன்று கையடக்கமாக இருக்கும் கன்று, பத்து வருடத்தில் கம்பி உயரத்தைத் தொடும். அன்றைக்கு அதை வெட்ட வருபவரோடு சண்டை போடுவதைவிட, இன்று நான்கு அடி தள்ளிக் குழி தோண்டுவது சுலபம். கம்பிக்குக் கீழே தேவைப்படுவது, அதை எட்டிப்பிடிக்காத பசுமை. அதைத் தேர்ந்தெடுத்து நட்டுவிட்டால் அரிவாளுக்கு வேலையே குறைந்துவிடும்.